எடுக்கலாமா, காத்திருக்கலாமா? தெருப்பூனைகள் பற்றி வாசகர் கேள்விகள்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் மாடிப்படி அடி, கார் ஷெட், தண்ணீர்த் தொட்டி மறைவு என்று பூனைகள் ஒதுங்க இடம் தேடி வரும். கேள்விகளும் கூடவே வரும். பூனை விஷயத்தில் நல்லெண்ணத்தோடு அவசரப்பட்டுச் செய்வதுதான் பல நேரம் கெடுதலாக முடிகிறது. அதனால் கீழே உள்ள பதில்களில் 'முதலில் பாருங்கள்' என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறோம்.

மொட்டைமாடியில் பழைய தொட்டிக்குப் பின்னால் மூன்று பூனைக்குட்டிகள் கிடக்கின்றன. இன்னும் கண் திறக்கவில்லை. காலையிலிருந்து தாயைக் காணோம். வீட்டுக்குள் எடுத்து வந்துவிடலாமா?
– வாசகி, தாம்பரம்

உடனே எடுக்காதீர்கள். தாய்ப்பூனை குட்டிகளை விட்டுவிட்டு இரை தேடப் போவது அன்றாடம் நடப்பதுதான். திரும்பிவரச் சில மணி நேரம்கூட ஆகும். இடம் மாற்றும்போதும் ஒவ்வொன்றாகத்தான் கவ்விக்கொண்டு போகும். மிச்சக் குட்டிகள் தனியாகக் கிடக்கும் நேரத்தில் நீங்கள் பார்த்திருக்கலாம். நீங்கள் அங்கேயே நின்றால், அது பக்கத்து வீட்டு சன்ஷேடில் உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்குமே தவிர, கிட்டே வராது. அதனால் முதல் வேலை, கீழே இறங்கிப் போவது.

போகும் முன் குட்டிகளை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். வயிறு உருண்டு, மயிர் சுத்தமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூங்கினால் தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓயாமல் கத்துவது, வயிறு ஒட்டிப்போயிருப்பது, தொட்டால் சில்லென்று இருப்பது இவையெல்லாம் கவலைப்பட வேண்டிய அறிகுறிகள். தாய் வந்து போகிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. குட்டிகளைச் சுற்றி ஒரு முழம் தள்ளி, வெள்ளைக் கோலப்பொடியை வட்டமாக மெல்லிசாகத் தூவிவிட்டு வாருங்கள். தாய் வந்திருந்தால் பாதம் பதிந்திருக்கும். அரிசிமாவைத் தூவாதீர்கள், எறும்பு வரும். கண் திறக்காத குட்டிக்கு எறும்பைவிடப் பெரிய எதிரி இல்லை. வண்ணப்பொடியும் வேண்டாம், தாய் காலை நக்கும்போது சாயம் வயிற்றுக்குள் போகும்.

குட்டிகள் கதகதப்பாகவும் அமைதியாகவும் இருந்தால் நான்கைந்து மணி நேரம் தாராளமாகப் பொறுக்கலாம். சில்லிட்டிருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மழை, நேர் வெயில், எறும்பு, காக்கை, நாய், ரத்தக்காயம் இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்கவே கூடாது. ஆனால் அப்போதும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே பழைய பருத்திப் புடவையை விரித்து, நனையாத இடமாகப் பார்த்து சில அடி தள்ளி வைத்தாலே போதும். குட்டி கத்தும் சத்தத்தை வைத்துத் தாய் கண்டுபிடித்துவிடும். மனுஷ வாடை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்று சொல்வார்கள். பூனைக்கு அது பொருந்தாது, தேவைப்பட்டால் தயங்காமல் தொடுங்கள்.

பூனைக்குட்டிக்குப் பிறந்த ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் கண் திறக்கும். ஆக, உங்கள் மாடியில் இருப்பவை அதிகம் போனால் இரண்டு வாரக் குட்டிகள். அந்த வயதில் தாய்க்கு ஈடாக நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு. அடுத்த கேள்வியைப் படித்தால் ஏன் என்று புரியும்.

தாய்ப்பூனை வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டது. இரண்டு குட்டிகளை எடுத்து வந்து பசும்பாலைப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தோம். ஒன்று மறுநாளே இறந்துவிட்டது. இன்னொன்றையாவது காப்பாற்ற வேண்டும். என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பாலை நிறுத்திவிட்டு, முதலில் குட்டியின் சூட்டைக் கவனியுங்கள். பல குட்டிகள் பசியால் சாவதற்கு முன்பே குளிரில் போய்விடுகின்றன. முதல் சில வாரங்களுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. உங்கள் சுண்டுவிரலை அதன் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்தால் ஒரு சொட்டுப் பால்கூடக் கொடுக்கக் கூடாது. குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது, பால் உள்ளே தேங்கிப் புளிக்கும். விழுங்கும் தெம்பும் இருக்காது என்பதால் நுரையீரலுக்குள்ளும் இறங்கும்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, இரண்டு சுற்றுத் துணி சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். முதல் வாரத்தில் பெட்டிக்குள் சுமார் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சூடேற்றுவதை ஒரு மணி, இரண்டு மணி நேரம் எடுத்து நிதானமாகச் செய்யுங்கள். குண்டு பல்பைப் பக்கத்தில் தொங்கவிடுவதோ, வெந்நீரில் முக்கி எடுப்பதோ ஆபத்து. துவண்டு கிடந்தால் குளுக்கோஸ் கரைத்த நீரில் ஒரு சொட்டை ஈறில் தடவலாம்.

சூடு வந்த பிறகுதான் பால். பசும்பாலிலும் எருமைப்பாலிலும் பூனைக்குட்டிக்குத் தேவையான புரதமும் கொழுப்பும் போதாது, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையோ கூடுதல். அதனால் பேதியாகி, உடம்பில் நீர் வற்றி, ஒரே நாளில் குட்டி போய்விடும். செல்லப்பிராணிக் கடைகளில் பூனைக்குட்டிக்கென்றே பால் மாவு கிடைக்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும். குழந்தைகளுக்கான பால் மாவு இதற்கு ஈடாகாது.

அளவுக்குச் சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். நாளொன்றுக்கு, குட்டியின் எடையில் ஒவ்வொரு 100 கிராமுக்கும் சுமார் 20 மி.லி. பால் கணக்கு. ஒரு வேளைக்கு 100 கிராமுக்கு 4 மி.லி.யைத் தாண்டாதீர்கள், அந்தச் சின்ன வயிறு அவ்வளவுதான் கொள்ளும். முதல் வாரம் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் விடாமல் கொடுக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் நான்கு மணி நேர இடைவெளி போதும். பால் உடம்புச் சூட்டில், மணிக்கட்டில் விட்டால் சுடாமல் இதமாக இருக்க வேண்டும். கலந்த பாலை ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். குட்டி குடித்து மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

குட்டியைக் குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டுப் பால் புகட்டுவது வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. தாயிடம் குடிப்பதைப் போலக் குப்புறக் கிடந்து, தலையை லேசாக நிமிர்த்திக் குடிக்க வேண்டும். ரப்பர் காம்புள்ள பாட்டில் என்றால் கவிழ்த்துப் பிடித்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், கொட்டக் கூடாது. சிரிஞ்ச் என்றால் 1 மி.லி. சிரிஞ்ச். குட்டி உறிஞ்சும் வேகத்துக்குத்தான் தள்ள வேண்டும். மூக்கு வழியாகப் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடையுங்கள். பஞ்சில் நனைத்துக் கொடுக்கும்போது எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது, நாரும் வாய்க்குள் போகும். அந்த முறையை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு வேளையும் பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெதுவாக ஒற்றி ஒற்றி எடுங்கள். தாய் நக்கிவிட்டால்தான் இந்த வயதில் குட்டி சிறுநீரும் மலமும் கழிக்கும். சுமார் மூன்று வாரம் வரை இந்த வேலை உங்களுடையது. தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். பிறக்கும்போது 100 கிராம் அளவில் இருக்கும் குட்டி, நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். நான்கு வாரம் ஆனதும் குட்டிகளுக்கான ஈர உணவைப் பாலில் குழைத்துத் தட்டில் வைத்துப் பழக்கலாம்.

அக்கம்பக்கத்தில் குட்டி போட்ட வேறு பூனை இருந்தால் இத்தனை பாடும் தேவையில்லை. பல தாய்ப்பூனைகள் அந்நியக் குட்டியையும் சேர்த்துக்கொள்ளும். அதன் குட்டிகள் நோயில்லாமல் இருந்தால், பக்கத்தில் இருந்து கவனித்தபடி விட்டுப் பார்க்கலாம்.

வளர்ந்த பூனை ஒன்று தினமும் வந்து சாப்பிட்டுப் போகிறது. யாருடையதோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கோவை

ஒரு விரல் அகலத்துக்குக் காகிதத்தைக் கிழித்து, 'இது உங்கள் பூனையா?' என்று எழுதி, உங்கள் தொலைபேசி எண்ணையும் சேர்த்து, கழுத்தில் தளர்வாகச் சுற்றிக் கொஞ்சம் பசை நாடாவால் ஒட்டிவிடுங்கள். எங்காவது மாட்டினால் கிழிந்துவிட வேண்டும், அதனால்தான் காகிதம். நூல், ரிப்பன், ரப்பர் பேண்ட் எதுவும் வேண்டாம். வீட்டுக்காரர் இருந்தால் பதில் வரும். இடது காது நுனி நேர்கோடாக வெட்டப்பட்டிருந்தால், யாரோ பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விட்ட தெருப்பூனை அது. மறுபடி அறுவைக்குத் தூக்கிப் போக வேண்டியதில்லை.

குட்டியைப் பிடிக்கப் போனபோது கையில் கீறி, கடித்தும்விட்டது. சின்னக் காயம்தான். நாய்க்கடிக்குத்தானே ஊசி? பூனைக்கும் வேண்டுமா?
– வாசகி, திருச்சி

வேண்டும். பூனைக்கும் ரேபிஸ் வரும், பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும், வந்துவிட்டால் மருந்து கிடையாது. குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், இரண்டு நிமிடத்திலேயே பதினைந்து ஆனதுபோலத் தோன்றும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக் கூடாது, இறுக்கிக் கட்டும் போடக் கூடாது. பிறகு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள், அங்கே தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் நான்கு தவணை. முதல் ஊசி போடும் நாள்தான் 0. ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும், கேட்டு வாங்குங்கள். பூனை பத்து நாள் நன்றாக இருக்கிறதா என்று கண்காணிப்பது நல்லதுதான். ஆனால் அதைச் சொல்லி முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். பத்து நாளுக்குப் பிறகு மிச்சத் தவணைகளை என்ன செய்வது என்று மருத்துவர் சொல்வார்.

பூனையின் பல் ஊசி போலக் குத்தி, கிருமிகளை ஆழத்தில் விட்டுவிட்டு வரும். மேலே துளை மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் பிடிக்கும். கடிபட்ட இடம் சில மணி நேரத்தில் சிவந்து, வீங்கி, விண்விண்ணென்று வலித்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படும். விரல் மூட்டுக்கு மேல் கடித்திருந்தால் இன்னும் அவசரம்.

அடுத்த முறை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். தடித்த துண்டை மேலே போர்த்தி, அப்படியே சுருட்டித் தூக்கி, மூடியுள்ள கூடைக்குள் வைத்துவிடுங்கள். கண் மறைந்தால் பூனை பாதி அடங்கிவிடும்.

தெருப்பூனை ஒன்று எங்கள் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. மகள் மூன்று மாதக் கர்ப்பம். பூனை முடி வயிற்றுக்குள் போனால் கருவுக்கு ஆகாது, விரட்டிவிடுங்கள் என்று சம்பந்தி வீட்டார் சொல்கிறார்கள்.
– வாசகி, நாகர்கோவில்

விழுங்கிய முடி குடல் வழியாக வெளியே போய்விடும், கருப்பைக்குப் போக வழியே இல்லை. ஆனால் சம்பந்தி வீட்டாரின் பயத்துக்குப் பின்னால் உண்மையான விஷயம் ஒன்று இருக்கிறது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. எலியையோ பச்சை இறைச்சியையோ தின்ற பூனைக்கு அது தொற்றி, மலத்தில் முட்டைகள் வெளியேறும். கர்ப்பிணிக்கு முதன்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம்.

அந்த முட்டைகள் வெளியே வந்த உடனே தொற்றாது. குறைந்தது ஒரு நாள் கிடந்தால்தான் தொற்றும் நிலைக்கு வரும். எனவே பூனையின் மணல் தட்டைத் தினமும் ஒருமுறை தவறாமல் சுத்தம் செய்துவிட்டால் ஆபத்து பெருமளவு குறைந்துவிடும். அந்த வேலையை மகள் செய்யக் கூடாது. பூனைக்குப் பச்சை மீன், பச்சைக் கறி கொடுக்காதீர்கள். பொதுவாக ஒரு பூனை வாழ்நாளில் ஒருமுறைதான், அதுவும் ஓரிரு வாரங்கள்தான் இப்படி முட்டைகளை வெளியேற்றும். மனிதருக்கு இது வருவது பெரும்பாலும் சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும், மண் ஒட்டிய கீரை, காய்கறியிலிருந்தும்தான். ஆட்டுக்கறியை நன்றாக வேக வைப்பதும், தோட்டவேலைக்குக் கையுறை போடுவதும் வீட்டில் பூனை இல்லாத கர்ப்பிணிக்கும் அவசியம். மகப்பேறு மருத்துவரிடம் சொன்னால் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று படர்தாமரை. பூனையின் காது, மூக்கைச் சுற்றி வட்டமாக முடி கொட்டி, சாம்பல் நிறச் செதில் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டும்வரை மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பூனைகள் பெருகிவிட்டன. சாக்கில் பிடித்து மீன் மார்க்கெட்டில் விட்டுவிடலாம் என்று சங்கக் கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள். அங்கேதான் நிறைய மீன் கிடைக்குமே என்கிறார்கள். இது சரியா?
– வாசகர், சென்னை

சரியில்லை, தயவுசெய்து தடுத்துவிடுங்கள். மீன் மார்க்கெட்டில் ஏற்கெனவே இருக்கும் பூனைகள் புதிதாக வந்ததை அண்டவிடாது. எங்கே ஒளிவது, எந்த நேரத்தில் எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று தெரியாமல் அது பட்டினி கிடக்கும். பழைய இடத்தைத் தேடித் திரும்பப் புறப்பட்டு ரோட்டில் அடிபடும். குட்டிகள் இருக்கும் பெட்டையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால், நான்கைந்து குட்டிகள் உங்கள் பார்க்கிங்கிலேயே செத்து நாறும். குப்பையும் எலியும் அங்கேயே இருக்கும்வரை, காலியான இடத்துக்கு வெளியிலிருந்து வேறு பூனைகள் வந்துவிடும். இப்படிக் கொண்டுபோய்ப் பட்டினி போட்டு விடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். விஷம் வைத்தாலோ அடித்துக் கொன்றாலோ பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325ஆம் பிரிவு வரும், ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை.

பெருக்கத்தை நிறுத்த ஒரே வழி கருத்தடை. பெட்டைப்பூனை நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் சுமார் 63 நாள்தான். குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடிக்கும். ஆகவே பெட்டைகளை முதலில் பிடியுங்கள். தெருவெல்லாம் சிறுநீர் தெளித்து நாறடிப்பதும், ராத்திரி சண்டையும் கடுவன்களின் வேலை. அறுவைக்குப் பிறகு அதுவும் பெருமளவு குறையும்.

ஒரு வாரம் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சாப்பாடு வையுங்கள். பூனை உள்ளே போனதும் கதவு விழும் பொறிக்கூண்டை அங்கே வைத்து, அதன் கதவைத் திறந்த நிலையில் கட்டிவைத்துச் சாப்பாட்டை மெல்ல மெல்ல உள்ளே நகர்த்துங்கள். பிடிக்கும் நாளுக்கு முந்தைய வேளை சாப்பாட்டை நிறுத்திவிட்டு, கூண்டின் கடைசியில் அவித்த மத்தி மீனை வையுங்கள். கதவு விழுந்த அடுத்த நொடியே கூண்டு முழுவதையும் போர்வையால் மூடிவிட வேண்டும், இல்லையென்றால் மோதி மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். பால் கொடுக்கும் பெட்டை என்றால் குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆகும்வரை பொறுங்கள். தானே கரையும் தையல் போடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள், தையல் பிரிக்க மறுபடி பிடிப்பது நடக்காத காரியம். மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியில் சுமார் ஒரு செ.மீ. வெட்டி அடையாளம் வைத்துவிடுவார்கள். கடுவனை ஒரு நாளும், பெட்டையை இரண்டு மூன்று நாளும் உள்ளே வைத்திருந்து, பிடித்த அதே இடத்தில் விடுங்கள். உங்களுக்கு வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில் முன்கூட்டியே பேசி, நாள் வாங்கிக்கொண்டு பிறகு கூண்டு வையுங்கள். பிடித்துவிட்டு மருத்துவரைத் தேடினால் பூனைதான் தவிக்கும்.

சாலையில் அடிபட்டுக் கிடந்த பூனைக்கு வலிக்குமே என்று பாராசிட்டமால் அரை மாத்திரை கரைத்துக் கொடுக்கச் சொன்னார் ஒருவர். கொடுக்கலாமா?
– வாசகர், சேலம்

கொடுக்கவே கூடாது. பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அரை மாத்திரையே உயிரை எடுக்கும். ஈறும் நாக்கும் பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறும். காயத்தில் டெட்டால் ஊற்றுவதும் அப்படித்தான், நக்கினால் விஷம். உப்பு கரைத்து ஆற்றிய வெந்நீரால் கழுவினால் போதும். தண்ணீர், பால் எதையும் வாயில் ஊற்றாதீர்கள்.

துண்டால் போர்த்தி, ஒரு அட்டையையோ பலகையையோ அடியில் நுழைத்து, முதுகு வளையாமல் அப்படியே பெட்டிக்குள் நகர்த்துங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். ஈறு வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். வாயைத் திறந்து மூச்சுவிட்டால், மேலே காயமே இல்லாவிட்டாலும், நிமிடம் தாமதிக்கக் கூடாத நிலை. எழுந்து ஓடி ஒளிந்துகொண்டதால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்த பூனைகூட ஓடும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

காரின் பானெட்டுக்குள் குட்டி புகுந்துகொண்டு வர மறுக்கிறது.
– வாசகி, புதுச்சேரி

இன்ஜினை இயக்காதீர்கள், தண்ணீரும் பீய்ச்சாதீர்கள். பானெட்டைத் திறந்து வைத்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் சுட்ட கருவாட்டுத் துண்டை வைத்துவிட்டு எல்லாரும் விலகிப் போங்கள். கூட்டம் கலைந்து சத்தம் அடங்கினால் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். மழைக்காலம் முடியும்வரை, வண்டி எடுக்கும் முன் பானெட்டை நான்கு தட்டுத் தட்டி, ஒரு நிமிடம் பொறுத்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

மீந்த மீன்குழம்புச் சோறும் தயிர்சாதமும்தான் வைக்கிறோம். உண்ணிக்கு, வீட்டு நாய்க்கு வாங்கிய மருந்தையே பூனைக்கும் போடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

மருந்தை முதலில் சொல்லிவிடுகிறோம். போடவே போடாதீர்கள். நாய்க்கான பல சொட்டுமருந்துகளிலும் பவுடர்களிலும் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்கு வலிப்பு வரவழைத்துக் கொன்றுவிடும். பூனைக்கென்று குறிப்பிட்ட மருந்தை, எடைக்கு ஏற்ற அளவில் கேட்டு வாங்குங்கள். சின்னக் குட்டிக்கு மருந்தே வேண்டாம், தெள்ளு சீப்பால் வாரி, சீப்பைச் சோப்பு நீரில் முக்கினால் போதும்.

குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். தாளிப்பதற்கு முன், உப்பு, காரம் இல்லாமல் அவித்த மீனோ கோழியோ எடுத்துவைத்து, கொஞ்சமாகச் சோறு பிசைந்து வையுங்கள். வெந்த கோழி எலும்பு கூடாது. தயிர்சாதம் வயிற்றை நிரப்பும், ஆனால் டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் போதிய அளவு உண்டு. அது நெடுநாள் கிடைக்காவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். எலும்பும் தோலுமாக வந்த பூனைக்கு முதல் இரண்டு நாள் ஒரே தட்டாகக் கொட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள்.

போன மாதம் எடுத்து வளர்த்த இரண்டு குட்டிகள் வாந்தியும் பேதியுமாக இறந்துவிட்டன. இப்போது இன்னொரு குட்டி வந்து நிற்கிறது. உள்ளே சேர்க்கலாமா?
– வாசகி, ஈரோடு

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் பேன்லூகோபீனியா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும், பினாயிலுக்குச் சாகாது. பழைய துணி, அட்டைப்பெட்டி, மணல் தட்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். தரையை முதலில் சோப்பு நீரால் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. பிளீச் திரவம் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

அவ்வளவு செய்தாலும் தடுப்பூசி போடாத குட்டியை அந்த அறைகளுக்குள் விடக் கூடாது. இப்போதைக்கு, முந்தைய குட்டிகள் போகாத இடத்தில், திண்ணையிலோ தெரிந்தவர் வீட்டிலோ வைத்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை. ரேபிஸ் ஊசி பன்னிரண்டாவது வாரத்தில். வீட்டில் ஏற்கெனவே வேறு பூனை இருந்தால், புதிதாக வந்ததை இரண்டு வாரம் தனி அறையில், தனித் தட்டு, தனி மணலோடு வையுங்கள். சாப்பாடு வைக்கும்போது வீட்டுப் பூனைக்கு முதலில், புதியதற்குப் பிறகு. புதியதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அந்த அறைக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள், இந்த வைரஸ் செருப்பிலும் ஏறி வரும்.